சாக வந்த ஜோடி

நயினார்துறையில் குமர் இல்லாத வீடு கிடையாது, இத்தனையும் நடந்தது அதனால்தான். கல்யாணமாகாத பெண்ணை அங்கே குமர் என்பார்கள். ஒரு குமரைக் கரையேற்றி மூச்சு விடுவதற்குள் அடுத்தவள் பெரியவளாகி நிற்பாள், அவளையும் கரையேற்றினால் மூத்தவளின் மகள் பாவாடையைச் செருகிக்கொண்டு வாசலில் ஓடி வருவாள், ஆக நூறு வருசத்துக்கு மேலாக அந்த ஊரில் எந்தக் கூரையின் கீழும் குமர் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமைகூட இருந்ததில்லை. குமர் இருக்கும் வீட்டில் தில்தாத் நிகார் கிஸ்ஸா என்கிற காதல் பாட்டுக் கதையின் நாற்பதாம் படலத்தைப் படிக்கக் கூடாது என்பது வழக்கம். படித்தால் அந்தக் குமருக்கு ஆகாது.

அந்தக் கிஸ்ஸாவைப் பாரசீகத்தில் ஒரு புலவர் எழுதினார், அது பிடிக்காமல் துருக்கியில் இன்னொரு புலவர் மாற்றி எழுதினார், இரண்டும் ஒரே மரக்கலத்தில் ஏறி, ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டே வந்து நயினார்துறையில் இறங்கின, ஊர்க் கவிராயர் ஒருவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கித் தமிழில் பாடி வைத்தார். தில்தாத் ஒட்டகக்காரன் மகன், நிகார் அமீரின் மகள். முப்பத்தொன்பது படலம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் அழுவார்கள், பார்த்துவிட்டால் மயங்கி விழுவார்கள், நாற்பதாவதில் சாவார்கள். கல்யாண வீட்டில் மூன்று நாள் பகலில் பெண்கள் கூடி உட்கார்ந்து இதைப் படிப்பார்கள். நிகார் நஞ்சுக் கிண்ணத்தை உதட்டில் வைக்க, அவளைத் தேடித் தில்தாத் பாலைவனத்தில் ஓட ஒரு காலைத் தூக்குகிற இடத்தில் முப்பத்தொன்பதாம் படலம் முடியும், படிக்கிறவள் புத்தகத்தை மூடுவாள், கல்யாண வீட்டுக்காரர்கள் சர்பத் கொடுப்பார்கள். யாரும் தவறிப்போய்க்கூட மேலே படித்துவிடக் கூடாதென்று ஊரிலிருந்த எல்லாப் புத்தகங்களிலும் நாற்பதாம் படலத்தின் தாள்களைக் கறுப்பு நூலால் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்கள்.

இருபத்திரண்டு வருசமாகப் படித்து வந்தவள் மைமூன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், ஆனால் முப்பத்தொன்பது படலமும் தண்ணீர் பட்ட பாடு. அவள் குரலெடுத்தால் வெற்றிலை இடிக்கிறவள் உலக்கையை நிறுத்துவாள். நல்ல மனுசி, கவலைப்படுவது ஒன்றுதான் குறை. கவலைப்பட ஒன்றும் இல்லாத நாளில், அல்லாவே, இன்றைக்கு ஏன் ஒன்றையும் காணோம் என்று கவலைப்படுவாள். அந்த வருசம் அவளுக்கு உண்மையாகவே கவலை இருந்தது: ஒரே மகள் ஹாஜறாவுக்கு, மூன்று வரன் தட்டிப்போய் நாலாவதாக, சார்ஜாவில் வேலை பார்க்கும் உதுமானோடு நாள் குறித்திருந்தது. அவன் முப்பது நாள் லீவில் வருகிறான். முப்பதுக்குள் முடிந்தால் கல்யாணம், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருசம். இரண்டு வருசம் காத்திருக்க உதுமானுடைய உம்மா செய்யது பீவி சம்மதிக்க மாட்டாள், அவள் கையில் வேறு மூன்று குமர்களின் ஜாதகம் இல்லாத குறையாக எல்லா விவரமும் இருந்தது.

ஹாஜறாவின் கல்யாணத்துக்கு இருபத்துமூன்று நாள் இருக்கும்போது, மரைக்காயர் வீட்டுக் கல்யாணத்தில் மைமூன் முப்பத்தொன்பதாம் படலத்தை முடித்துப் புத்தகத்தை மூடினாள். மூடி நிமிர்ந்தால், முற்றத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் நின்றார்கள். அவள் உதட்டில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்தாள், அவன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

யாரும் பதறவில்லை. கல்யாண வீடென்றால் தெரியாத முகம் நாலு வரத்தான் செய்யும். "பொண்ணு வீடா மாப்பிள வீடா?" என்று கேட்டார்கள், இரண்டும் இல்லை என்றதும், அப்படியானால் கொழும்புச் சொந்தமாக இருக்கும் என்று முடிவு செய்து, அவனை ஆண்கள் பக்கமும் அவளைப் பெண்கள் பக்கமும் கொண்டுபோய்ச் சஹன் முன்னால் உட்கார வைத்தார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு அது. காதலர்கள் சாப்பிடுவதில்லை என்று மூன்றாம் படலத்திலேயே எழுதியிருக்கிறதால் அவன் ஒரு பருக்கை தொடவில்லை; அவனோடு உட்கார்ந்த மூன்று பேரும் இப்படி ஒரு நல்ல மனுசனைக் கண்டதே இல்லை என்று ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

பெண்கள் பக்கத்தில் அந்தப் பெண் மைமூனின் தோளைத் தொட்டாள்.

"ராத்தா, கை வலிக்குது."

"என்ன செஞ்சுச்சு கைக்கு?"

"இருவத்திரண்டு வருசமா இந்தக் கிண்ணத்தைத் தூக்கிட்டே நிக்கிறேன். ஒவ்வொரு கல்யாண ஊட்டுலயும் உதடு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு நீங்க சர்பத்து குடிக்கப் போயிடுறீங்க. அவருக்குக் காலு நரம்பு இழுத்துப் போச்சு. நாங்க மவுத்தாகுற நாப்பதாம் படலத்தைப் படிச்சு முடிச்சீங்கன்னா நாங்க போயிடுவோம்."

அவள் பேசியது அசல் நயினார்துறைத் தமிழ். அத்தனை வருசம் மைமூனின் வாய்க்குள்ளேயே குடியிருந்தவள் வேறெந்தப் பாசை பேசுவாள்? அதைக் கேட்டதும்தான் வந்தது யாரென்று எல்லோருக்கும் விளங்கியது. "அட, நம்ம நிகாரு!" என்று ஒருத்தி எழுந்து வந்து அவள் முகவாயைப் பிடித்துப் பார்த்து, "பாட்டுல கேட்டதுக்குக் கொஞ்சம் கறுப்புத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஊர் ஜமாஅத் கூடியது. தலைவர் மொகுதூம் காக்கா உப்பளக்காரர். எந்தச் சிக்கலையும் வெயிலில் போட்டால் காய்ந்துவிடும் என்று நம்புகிறவர். சாவதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இவர்களை எங்கே இறக்குவது என்றார் அவர். நிக்காஹ் இல்லாமல் ஆணும் பெண்ணும் ஒரு வீட்டில் இறங்க முடியாது, ஆகவே நிக்காஹ் எழுத லெப்பையைக் கூப்பிடுங்கள் என்றார்.

தில்தாத் பதறிப்போனான். "நாங்க சேரக் கூடாதுங்க. மறுமையிலதான் சேரணும்னு எழுதியிருக்கு."

"அது ஒங்க ஊரு எழுத்து தம்பி. பொண்ணுக்கு மஹர் என்ன குடுக்கப் போறீங்க?" என்றார் மொகுதூம் காக்கா.

"என் ஈரலைத் தர்றேன்."

லெப்பை பதிவுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "ஆட்டு ஈரலா?"

"என்னோடது. பிரிவுல வெந்த ஈரல்."

"வெந்ததோ வேகாததோ, மனுச ஈரலெல்லாம் மஹருக்கு எழுத முடியாது" என்று லெப்பை தன் விரலில் கிடந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தார். முப்பத்தொன்பது படலம் சேர முடியாமல் தவித்தவர்களைக் கால் மணி நேரத்தில் சேர்த்து வைத்து, பேரீச்சம்பழம் கொடுத்து முடித்துவிட்டார்கள். இது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நயினார்துறைக்காரர்களுக்கு ஒரு கல்யாணத்தைப் பார்த்தால் அதை முடித்து வைக்காமல் இருக்க முடியாது, அது அந்த ஊர் மண்ணின் கோளாறு.

அடுத்தது வீடு. நயினார்துறையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ வேண்டும், பெண் பிறந்த வீட்டை விட்டு எங்கும் போக மாட்டாள். நிகாருக்கு உம்மா வீடு எது என்று மொகுதூம் காக்கா கேட்டார். முதல் படலத்தில் நிகார் பிறப்பதை வருசத்துக்குப் பத்துத் தடவை பாடுகிறவள் மைமூன், அப்படியென்றால் பெற்றவளும் அவள்தான் என்று ஒரு கிழவர் சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். மைமூன் மட்டும் சரி என்று சொல்லவில்லை, அவளை யாரும் கேட்கவுமில்லை.

அப்படி அந்த ஜோடி, ஹாஜறாவுக்காகக் கட்டிய மாடியறையில் போய் இறங்கியது. தேக்குக் கட்டிலும், கண்ணாடி பதித்த பீரோவும், ஹாஜறாவே தைத்த ரோஸ் நிறத் திரைச்சீலையும் இருந்த அந்த அறையில் மைமூனே ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நின்றபடி தூசி தட்டிவிட்டு இறங்கிவிடுவாள்.

முதல் வாரம் ஊருக்குக் கொண்டாட்டமாக இருந்தது. தில்தாத் ஒரு பெருமூச்சு விட்டால் எதிரே இருப்பது பொசுங்கும் என்று ஒன்பதாம் படலத்தில் இருக்கிறது. முதல் நாளே கொடியில் கிடந்த நாலு கைலி போயிற்று. இரண்டாம் நாள் மீன்காரப் பெண்கள் வந்து, மழை மூட்டமாக இருக்கிறது, மாப்பிள்ளையைக் கொஞ்சம் கடற்கரைக்கு அனுப்புங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் மணலில் உட்கார்ந்து நிகாரை நினைத்து மூச்சு விட, ஒரு மணி நேரத்தில் மூன்று கூடை நெத்திலி மொறுமொறுவென்று காய்ந்தது. அவன் கண்ணீர் கணுக்கால் ஆழத்துக்குச் சந்தில் ஓடியதைப் பார்த்த மொகுதூம் காக்கா வாய்க்கால் வெட்டித் தன் உப்பளப் பாத்திக்குத் திருப்பிக்கொண்டார், அந்த மாதம் உப்பு நன்றாக விளைந்தது, கொஞ்சம் சோகம் கலந்திருப்பதாகச் சமைத்தவர்கள் சொன்னார்கள். பாலைவனத்தில் மான்களும் சிங்கங்களும் அவனைச் சுற்றிப் படுத்துக் கிடந்ததாகப் பாட்டு. இங்கே மானுக்கு எங்கே போக, ஏழெட்டு ஆடும், ஊர்ப் பூனைகளும், சொறி பிடித்த ஒரு நாயும் மாடிப்படியில் வரிசையாகப் படுத்துக்கொண்டன, ஹாஜறா காலையில் அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் காப்பி கொண்டுபோவாள்.

நிகாரும் இலேசுப்பட்டவள் இல்லை. அவள் புருவம் வில், பார்வை அம்பு. அவள் ஜன்னலில் நின்ற இரண்டு நாளில் தெருவில் பதினாறு ஆண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள், அதில் பத்துப் பேர் பார்வை படாத தூரத்தில் இருந்தவர்கள் என்று பின்னால் தெரிந்தது. ஜமாஅத் அவளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது. இடுப்பு முடியிழை மாதிரி என்று கவிராயர் பாடிவிட்டதால், ரவிக்கை தைத்துப் பிழைக்கிற ஹாஜறா அளவு நாடாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இடுப்பைத் தேடினாள்.

"இங்கேதான் எங்கேயோ இருக்கணும்" என்றாள் நிகார், கூச்சத்தோடு.

"இருந்தா சந்தோசந்தான். பாவாட எதுல நிக்கிறது?" என்றாள் ஹாஜறா. கடைசியில் தோளிலிருந்து நாடா கட்டிச் சமாளித்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள்.

இரண்டாம் வாரம் தப்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. மூன்று படலத்துக்கு ஒரு தரம் அவளைப் பார்த்து மயங்கி விழுந்தவன் இப்போது தினம் கண் விழித்ததும் பார்க்கிறான், எத்தனை தரம்தான் விழுவது? ஒருநாள் விழுவதற்குப் பதில் கொட்டாவி விட்டுவிட்டான். தடுக்க வாப்பா இல்லை, பூட்டிவைக்கக் கோட்டை இல்லை, இரண்டு பேருக்கும் செய்ய வேறு வேலையும் தெரியாது. யார் முதலில் சாவது என்று சண்டை பிடித்தார்கள். பாரசீகப் பாடத்தில் நஞ்சு குடித்து அவள்தான் முந்துகிறாள் என்று அவள். துருக்கிப் பாடத்தில் பாறையில் மோதி அவன்தான் முந்துகிறான் என்று அவன். சத்தம் கீழே அடுப்படி வரை கேட்டது. சண்டை முடிந்ததும் நிகார் இறங்கி வந்து மைமூனிடம் வலது கையை நீட்டுவாள், மைமூன் தேங்காயெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிடுவாள்.

"உம்மா, எப்போ படிப்பீங்க?"

"படிக்கிறேன் மவளே, படிக்கிறேன்" என்பாள் மைமூன். படிக்க மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

உதுமான் ஊருக்கு வந்து இறங்கிய மறுநாள் செய்யது பீவி வந்தாள். மாடிப்படியில் கிடந்த ஆடுகளைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், மேலே ஏறாமலே பேசினாள்.

"மைமூனு, இன்னொரு ஜோடி தாப்பா போட்டுக் கெடந்த அறையில எம் மவன் மொத நாளு எறங்க மாட்டான். வெள்ளிக்கிழமக்குள்ள இதுங்கள அனுப்பி, அறையக் கழுவி, சாம்பிராணி போட்டு வையி. இல்லேன்னா எனக்கு வேற எடம் இருக்கு."

"எங்கே ராத்தா அனுப்புவேன்? நாப்பதாம் படலம் படிச்சாத்தான் போவாங்க."

"படி."

"ஊட்டுல குமரு இருக்கே."

"கொமரு இல்லாத ஊட்டுல வச்சுப் படி."

"ஒங்க ஊட்டுல வச்சுப் படிக்கட்டா?"

செய்யது பீவி செருப்பை மாட்டிக்கொண்டாள். "எனக்குப் பேத்தி இருக்கா. நாக்கக் கழுவு."

மைமூன் மூன்று நாள் வீடு தேடினாள். ஆண் பிள்ளை மட்டுமே பெற்ற வீடு ஒன்று இருந்தது, அங்கே வீட்டுக்காரிக்கே மறுபடி ஏழு மாதம், வயிற்றில் இருப்பது என்னவென்று யாருக்குத் தெரியும் என்று கதவைச் சாத்தினார்கள். கலங்கரை விளக்கத்துக் காவல்காரருக்கு இரண்டு பெண். போலீஸ் ஸ்டேஷனில் படிக்கலாமா என்று கேட்டுவரச் சொன்னாள். ஏட்டய்யாவுக்கு மூன்று பெண், அதில் மூத்தவளுக்கு அடுத்த வாரம் நிச்சயம். ஊரில் குமர் இல்லாத இடம் செத்தவர்களை அடக்குகிற கபர்ஸ்தான் ஒன்றுதான், அங்கே பெண்கள் போய் உட்கார்ந்து பாட முடியாது.

"நம்ம ஊட்டுலயே படிங்க உம்மா" என்றாள் ஹாஜறா.

"வாயிலயே போடுவேன்."

"எனக்கு இருவத்திநாலு ஆவுது. மூணு தட்டிப்போச்சு. இதுக்கு மேல எனக்கு ஆகாமப் போறதுக்கு என்னம்மா மிச்சம் இருக்கு?"

"இருக்குடி. எனக்கு ஆச்சே" என்றாள் மைமூன்.

அது ஊருக்கே தெரிந்த கதைதான். இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால் மைமூனின் கல்யாணத்தில் கிஸ்ஸா படித்தவள் ஆசியா என்று ஒருத்தி. அவள் புத்தகத்தில் நூல் இற்றுப்போயிருந்தது தெரியாமல், முப்பத்தொன்பதைத் தாண்டி நாற்பதாம் படலத்தில் பதினோரு கண்ணி பாடிவிட்டாள். பன்னிரண்டாவதற்கு வாயைத் திறந்தபோது நாலு பேர் பாய்ந்து பொத்தினார்கள். ஆசியா மூக்கால் பாடுகிறவள், பாடியது என்னவென்று ஒரு சொல்கூட ஒருவருக்கும் விளங்கவில்லை, முக்காட்டுக்குள் வியர்த்துக் கிடந்த மைமூனுக்கும் விளங்கவில்லை, ஆனால் பதினொன்று என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். ஹாஜறா மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போது அவள் வாப்பா காதர் மொய்தீன் பினாங்குக்குக் கப்பலேறினார். வரவில்லை. அங்கே ஒரு குடும்பம், இரண்டு கடை, நாலு பிள்ளை என்று கேள்வி. அவர் நல்லவர்தான், அந்தப் பதினோரு கண்ணிதான் பாவி என்றது ஊர். மைமூனும் அப்படியேதான் நம்பினாள், ஒரு ஆளை நினைத்து வயிறெரிவதைவிடப் பதினோரு கண்ணியை நினைத்துப் பயப்படுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் மைமூன் தன் வீட்டிலேயே படிக்கப் போகிறாள் என்று பேச்சு பரவி, வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, கேட்டுவிட்டாவது போகலாம் என்று தெருப் பெண்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். செய்யது பீவியும் வந்து, வேலை முடிகிறதா என்று பார்க்கிற தோரணையில் கடைசியில் தூணோரம் உட்கார்ந்தாள். மைமூன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நூலைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஹாஜறா வந்தாள், கையில் ரவிக்கைத் தையல் பிரிக்கிற சின்னக் கத்தி. புத்தகத்தை உம்மாவின் மடியிலிருந்து எடுத்து, நறுக் நறுக்கென்று நாலு வெட்டு வெட்டி நூலை உருவிப் போட்டாள். கூட்டத்தில் இரண்டு பேர் தங்கள் மகள்களின் காதைப் பொத்தினார்கள். நிகார் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டாள், தில்தாத் காலைத் தூக்கிக்கொண்டான்.

ஹாஜறா படித்தாள். அவளுக்குப் பாட வராது, கணக்கு ஒப்பிப்பது போலத்தான் படித்தாள், அதனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

முதல் கண்ணி சுல்தானின் வெள்ளைக் குதிரையின் பிடரியைப் பற்றி. இரண்டாவது அதன் குளம்பு. மூன்றாவது வால், நாலாவதும் வால்தான். ஐந்தாவதில் அது கொள்ளு தின்கிற அழகு. பதினோராவதில், இப்படிப்பட்ட ஒரு குதிரையைத் தனக்கும் பரிசாகத் தரலாமே என்று பாரசீகப் புலவர் கேட்டிருந்தார்.

ஹாஜறா நிறுத்தி உம்மாவைப் பார்த்தாள்.

"மேல படி" என்றாள் மைமூன்.

அதற்கப்புறம் தொண்ணூறு கண்ணி சுல்தானின் புகழ். அப்புறம் புலவருக்கு இருமல், போர்வை கிழிந்துவிட்டது, பக்கத்து ஊர்ப் புலவன் ஒரு திருடன். நடுவில் துருக்கிப் புலவரும் சேர்ந்துகொண்டு வேறொரு சுல்தானைப் புகழ்ந்தார். நயினார்துறைக் கவிராயர் தன் பங்குக்குத் தனக்குச் சோறு போட்ட மரைக்காயரை வாழ்த்தி, சோற்றில் ஊற்றிய அவர் வீட்டு ஆட்டுக்கறி ஆணத்துக்கு மட்டும் ஒன்பது கண்ணி பாடியிருந்தார். கடைசித் தாளில், கடைசி இரண்டு கண்ணியில், அவள் குடித்தாள், அவன் விழுந்தான், மண் மூடியது, ஆமீன்.

காதைப் பொத்தியவர்கள் கையை எடுத்தார்கள்.

"குதிரைக்குப் பதினோரு கண்ணி, எனக்கு ஒரு கண்ணியா?" என்றான் தில்தாத். காலை இறக்கிவிட்டான். "எத்தனை படலம் அழுதிருக்கேன்! ஒரு தலைப்பாகையாவது உருண்டு போற மாதிரி எழுதியிருக்கக் கூடாதா? இதுக்கு நான் சாக மாட்டேன்."

"கறி ஆணத்துக்கே ஒம்போது" என்றாள் நிகார். அவளும் கிண்ணத்தை இறக்கினாள். "உம்மா, நீங்க பாடுங்க. எங்கள உங்களுக்குத்தான் தெரியும். ஒழுங்கா ஒரு முடிவு பாடுங்க."

ஆனால் மைமூன் அவளைப் பார்க்கவில்லை. குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருசமாக எந்த எழுத்துக்குப் பயந்து, மாடியறைக் கட்டிலில்கூட உட்காராமல், வாசலில் பூனை குறுக்கே போனால் மூன்று தரம் ஓதி ஊதிக்கொண்டு வாழ்ந்தாளோ, அந்த எழுத்து ஒரு குதிரை கொள்ளு தின்பதைப் பற்றியது. குதிரை யாரையும் பினாங்குக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவராகத்தான் போனார். அவராகத்தான் வரவில்லை.

அவள் முகம் சிவந்தது, தொண்டையைச் செருமினாள், புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அதே ராகத்தில், பாட ஆரம்பித்தாள்.

அவள் பாடிய நாற்பதாம் படலத்தில் நிலவு இல்லை, ரோஜா இல்லை, யாரும் சாகவும் இல்லை. ஒருவன் கப்பலேறினான், முதல் மாதம் இரண்டு கடிதம் வந்தது, ஒன்றில் வாசனை சோப்பின் மணம் இருந்தது, பிறகு மாதம் ஒன்று, பிறகு பெருநாளுக்கு ஒன்று, பிறகு ஊருக்கு வந்த ஒருவர் அவனைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினார், அவள் நஞ்சு குடிக்கவில்லை, பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்தது, பாறையில் தலையை மோதவில்லை, மறுநாள் அடுப்பை யார் மூட்டுவது, கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்த் திறந்தாள், தபால்காரர், பழைய பேப்பர்காரர், வீடு மாறித் தட்டியவர், பத்தாம் வருசம் முகம் கழுவாமல் திறந்தாள், பதினைந்தாம் வருசம் அடுப்படியிலிருந்தே யாரு என்று கேட்டாள், இருபதாம் வருசம் அவன் முகம் மறந்துபோயிற்று, மகளின் மூக்கைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொண்டாள், புருசன் உள்ளவள் என்று கூப்பிட்ட வீட்டிலும் சாப்பிட்டாள், கூப்பிடாத வீட்டுப் பந்தியிலும் பாத்திரம் எடுத்துக் கொடுத்தாள், அவன் செத்திருந்தால் நாலு மாதம் பத்து நாள் விதவையின் இத்தா இருந்து முடித்திருப்பாள், இந்த இத்தாவுக்கு எண்ணிக்கை இல்லை.

மற்ற படலங்களுக்கு விம்மி விம்மி அழுகிற பெண்கள் இதற்கு அழவில்லை. ஒருத்தி மடியிலிருந்த கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். இன்னொருத்தி, "எனக்குப் பதிமூணாம் வருசத்துலயே முகம் கழுவுறது நின்னு போச்சு" என்றாள், தெருவே சிரித்தது. தூணோரம் உட்கார்ந்திருந்த செய்யது பீவி மட்டும் சிரிக்கவில்லை, பாட்டு முடியுமுன் எழுந்து போய்விட்டாள்.

தில்தாதின் முகம் வெளுத்திருந்தது.

"இருவது வருசமா?" என்றான். "நடுவுல யாரும் சாக மாட்டாங்களா?"

"மாட்டாங்க" என்றாள் மைமூன்.

"ஒரு மயக்கமாவது?"

"நேரம் கெடைக்கல."

நிகார் மைமூனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா, இது எங்களால ஆகாது. நாங்க பாட்டுல பொறந்தவங்க, இவ்வளவு தாங்க மாட்டோம். எங்களுக்கு அந்த ரெண்டு கண்ணியே போதும். ஹாஜறா, படிச்சு விடு."

ஹாஜறா அழுதுகொண்டே படித்தாள். கணக்கு ஒப்பிப்பது போல இல்லாமல், முடிந்த மட்டும் ராகம் சேர்த்துப் படித்தாள். அவள் குடித்தாள், அவன் விழுந்தான். இரண்டு பேருக்கும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, லீவு கிடைத்தவர்கள் மாதிரி. ஆமீன் சொல்லி முடிக்கும்போது பாயில் யாரும் இல்லை. படியில் கிடந்த ஆடுகள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு தத்தம் வீட்டுக்குப் போயின. செத்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகை வைக்கணுமா என்று மொகுதூம் காக்கா ஆளனுப்பிக் கேட்டார். ஆளுக்கு ஒரு கண்ணிக்கு அதெல்லாம் தேவையில்லை, ஒரு துஆ போதும் என்று லெப்பை சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் செய்யது பீவி வந்தாள்.

"அறை கழுவியாச்சா?"

"கழுவியாச்சு ராத்தா. சாம்பிராணியும் போட்டாச்சு." மைமூன் சொல்லிவிட்டு நிறுத்தினாள். கதவுக்குப் பின்னால் ஹாஜறா நின்றுகொண்டிருந்தாள். இரவெல்லாம் அவள் பேசியதும் இவள் மறுத்ததும், இவள் பேசியதும் அவள் மறுத்ததுமாக இருவரும் தூங்கவில்லை. இதைச் சொல்லிவிட்டால் நாலாவதும் தட்டிப்போகலாம். தட்டாமல் நின்றுவிட்டால், பதினெட்டு வருசம் செங்கல் செங்கலாகச் சேர்த்துக் கட்டிய அறை காலியாகக் கிடக்கும், வீட்டில் சமைப்பது ஒரு ஆளுக்கு. இரண்டில் எது அதிகப் பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ராத்தா, ஒரு சொல்லு. மாப்பிள எங்கே இருக்காரோ எம் மவளும் அங்கேதான் இருப்பா. சார்ஜான்னா சார்ஜா. பொறந்த ஊட்டுல வச்சு ரெண்டு வருசத்துக்கு ஒரு தரம் வந்து பாக்குற கல்யாணம் வேணாம். இதுக்குச் சம்மதம்னா குறிச்ச நாள்ல நடத்துவோம். இல்லேன்னா ஒங்க கையில இருக்கிற எடத்தப் பாருங்க."

"நயினார்துறையில பொண்ணு உம்மா ஊட்ட வுட்டுப் போனதா சரித்திரம் இருக்கா?"

"இல்லை."

"ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லும்."

செய்யது பீவி அவளையே பார்த்தாள். அவள் புருசன் கொழும்பில் முப்பத்தோரு வருசம் கடை வைத்திருந்தவர், ஆறு தரம் வந்தார், ஏழாம் தரம் தந்திதான் வந்தது. இதையெல்லாம் அவள் யாரிடமும் பேசியதில்லை, யாரும் அவளிடம் கேட்டதுமில்லை. அவள் செருப்பைத் தேடுவது போல வாசலைப் பார்த்தாள். பிறகு கூடத்துக்குள் வந்து, நேற்று உட்கார்ந்த அதே தூணோரம் இல்லாமல், நடுப்பாயில், மைமூனுக்கு எதிரே, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"உதுமான்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். "கதவச் சாத்து மைமூனு. நேத்து நான் பாதியில போயிட்டேன். அந்தப் பதினஞ்சாம் வருசத்துலேருந்து படி."